நான்கு நிமிடமும் பத்து விநாடியும்

அமெரிக்க ஏரிகளில் ஓடும் பெட்ரோல் படகுகள் பலவற்றில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பெட்ரோல் ஆவி வெடிக்கக் கூடியது. எஞ்சினைக் கிளப்பும் முன், எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறியான ப்ளோயரை நான்கு நிமிடம் ஓட விடு. அந்த அறையின் அடியில் ஆவி தங்கியிருக்கிறதா என்று பார். சாரம் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு தயார். ஐஸ் பெட்டி ஏற்றியாயிற்று. பக்கத்துப் படகு கிளம்பியே போய்விட்டது. இந்த நேரத்தில் ஒரு விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான்கு நிமிடம் சும்மா நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

அதே படகில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் மாட்டியிருக்கும். தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே சுமார் ஒரு கிலோ தூள். பிடியை அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ பத்து விநாடியில் காலியாகிவிடும்.

தீ பிறப்பதற்கு முன் கையில் நான்கு நிமிடம் இருக்கிறது. பிறந்த பிறகு பத்து விநாடிதான். படகுத் தீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கிவிடும்.

படகு என்னும் கிண்ணம்

வீட்டில் காஸ் வாடை அடித்தால் என்ன செய்வதென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவிட்சில் கை வைக்காதே, சிலிண்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து வாசல் வழியாக வெளியே போய்விடும்.

படகுக்கு அப்படியொரு வாசல் கிடையாது. தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே ஓட்டையில்லாமல் செய்த பாத்திரம் அது. தண்ணீரை வெளியே நிறுத்தும் அதே சுவர், உள்ளே கசிந்த ஆவியையும் வெளியே விடுவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைப் போல மூன்று, நான்கு மடங்கு கனம். காரில் ஒரு பெட்ரோல் குழாய் சொட்டினால் சொட்டு ரோட்டில் விழும், ஆவியைக் காற்று அடித்துக்கொண்டு போகும். எஞ்சினை வயிற்றுக்குள் வைத்திருக்கும் படகில் அதே சொட்டு அடிக்குழியில் விழுகிறது. படகுக்காரர்கள் பில்ஜ் என்று சொல்லும் அந்த இடத்தில் ஆவி ஒரு குட்டையைப் போலத் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத குட்டை. வெயில் காலம் என்றில்லை. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பற்றும் அளவுக்கு ஆவி விடும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது. 7.6 சதவீதத்தைத் தாண்டினால் காற்று போதாமல் அப்போதும் பற்றாது. நடுவில் இருந்தால் ஒரு பொறி போதும். எஞ்சின் அறை ஒன்றரை கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,500 லிட்டர் காற்று. அதில் 1.4 சதவீதம் என்பது 21 லிட்டர் ஆவி. அதைத் திரும்பத் திரவமாக்கினால் ஏறக்குறைய 100 மில்லி வரும். டீக்கடை கிளாஸில் ஒரு டீ. அவ்வளவு பெட்ரோல் ஆவியாகிக் கலந்தாலே அறை முழுவதும் வெடிக்கத் தயார். ஆவி சீராகக் கலக்காமல் அடியிலேயே தேங்குவதால், அதைவிடக் குறைவாகக் கசிந்தாலும் அடிக்குழி தயாராகிவிடும்.

மேல் வரம்பில் ஒரு கண்ணி வைத்திருக்கிறது இயற்கை. ஆவி மிக அடர்த்தியாக நிற்கும் அறை அந்த நேரத்துக்கு வெடிக்காது. ப்ளோயரை அரை நிமிடம் ஓட்டிவிட்டு அவசரப்பட்டு நிறுத்தினால், அடர்த்தி குறைந்து, வெடிக்கும் வரம்புக்குள் வந்து நிற்கலாம். அந்த வரம்பையும் கடந்து கீழே இறங்கத்தான் நேரம் வேண்டும். ப்ளோயரின் குழாய் வாயும் அடிக்குழியின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டும்; மேலே இருந்தால் நல்ல காற்றை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதே சமயம் அங்கே தேங்கும் தண்ணீரில் முங்கிவிடவும் கூடாது. முங்கினால் விசிறிச் சத்தம் கேட்கும், வேலை நடக்காது.

பெட்ரோல் போடும் நேரம் இன்னும் மோசம். காலி டேங்க் என்று நாம் சொல்வது ஆவி நிறைந்த டேங்க். 100 லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால் 100 லிட்டர் ஆவிக்காற்று மூச்சுக்குழாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அதனால்தான் போடும்போது ஆட்களை இறக்கிவிட்டு, எல்லா மூடிகளையும் ஜன்னல்களையும் அடைக்கிறார்கள். போட்டு முடித்ததும் அத்தனையையும் திறந்து ப்ளோயரைப் போடுகிறார்கள். வரிசை மாறினால் ஆவி படகுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பொறியைச் சிறை வைப்பது

ஆவியை விரட்டுவது ஒரு பாதி வேலை. பொறி வெளியே வராமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் படகின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பல எஞ்சின்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். காருக்கானது விலையும் குறைவு. ஆனால் படகுக்கானதில், உள்ளே எழும் பொறி சுற்றியுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி உறை கட்டியிருக்கும். காருக்கானதில் அது இல்லை. திறந்த பானெட்டுக்குக் கீழே அதற்குத் தேவையும் இல்லை. மிச்சம் பிடித்த பணத்தில் அடிக்குழிக்குள் ஒரு தீக்குச்சியை வாங்கி வைத்தது மாதிரி.

கார்புரேட்டர் எஞ்சின் சில சமயம் பின்னோக்கி இருமும். காற்று உள்ளே போக வேண்டிய வாயில் நெருப்பு வெளியே வரும். அங்கே உலோகத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு தடுப்பு வைப்பார்கள். சுடர் அந்த இடுக்குகளுக்குள் நுழையும்போது உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் மறுபக்கம் போவதற்குள் அணைந்துவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கம்பிவலை விளக்கு செய்த அதே தந்திரம். 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு படகுக்குள் பொருத்தும் பெட்ரோல் எஞ்சின்களுக்கு இது அமெரிக்காவில் கட்டாயம்.

டீசல் படகென்றால் நிம்மதிதானே என்று கேட்கலாம். 52 டிகிரிக்குக் கீழே டீசல் எளிதில் பற்றும் அளவுக்கு ஆவி விடாது என்பதால் பாதி நிம்மதி. உயர் அழுத்தக் குழாயில் ஊசிமுனை விரிசல் விட்டு, டீசல் புகைபோலச் சீறி, கொதிக்கும் எக்ஸாஸ்ட் மீது விழுந்தால் அந்த நிம்மதியும் போய்விடும்.

எந்த எரிபொருளானாலும் ஒயர்கள் பொது. படகுத் தீயில் பெரும் பங்கு அங்கேதான் தொடங்குகிறது. கரையிலிருந்து படகுக்கு மின்சாரம் எடுக்கும் பிளக்கை நினைத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் பித்தளைக் கால்கள் பச்சை பூத்து, தொடர்பு லேசாகத் தளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏசியும் தண்ணீர் சூடாக்கியும் சேர்ந்து 30 ஆம்பியர் இழுக்கின்றன. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 450 வாட். கட்டைவிரல் அளவு இடத்தில் அரை இஸ்திரிப் பெட்டியின் சூடு. பிரேக்கர் ஏன் விழவில்லை? அதைப் பொறுத்தவரை 30 ஆம்பியர் சரியான அளவுதான். அதிகமாகப் போனால்தான் அது விழும். போகிற வழியில் எது வெந்துகொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிக் கறுத்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணுக்குத்தான் தெரியும்.

பத்து விநாடியில் நடப்பது

இத்தனையும் தாண்டித் தீ பிறந்துவிட்டது. இனி அந்தத் தூள்.

எரிபொருள், காற்று, சூடு. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ சாகும் என்று பள்ளியில் படித்தோம். தூள் இந்த மூன்றையும் பெரிதாகத் தொடுவதில்லை. எரியும் சுடருக்குள் ஹைட்ரஜன் அணுவும் ஹைட்ராக்சில் துண்டுமாக, ரேடிக்கல்கள் எனப்படும் தனித்த துண்டுகள் அலைந்துகொண்டிருக்கும். ஒன்று வினைபுரிந்து இன்னொன்றை உருவாக்க, அது மற்றொன்றை உருவாக்க, சங்கிலி நீண்டுகொண்டே போவதுதான் சுடர். சோடியம் பைகார்பனேட், மோனோ அமோனியம் பாஸ்பேட் போன்ற தூள்கள் சூட்டில் சிதைந்து இந்தத் துண்டுகளைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. சங்கிலி அறுந்ததும் சுடர் சட்டென்று மறைகிறது. முதலில் சொன்னது நம் சமையலறை சோடா உப்பேதான். இரண்டாவது சூட்டில் உருகி மரத்தின் மேலும் துணியின் மேலும் பசைபோலப் படிந்து மூடவும் செய்யும். அதனால்தான் அது பல வகைத் தீக்கும் பொதுவான தூளாக ஆனது.

ஆனால் சூடு அப்படியே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சுடர் மறைந்தாலும் இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும், பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும். தூள் தீர்ந்த மறுகணம் மீண்டும் பற்றலாம். ஆகவே எரிபொருள் வால்வை மூடுவதும் பேட்டரி சுவிட்சை அணைப்பதும் அந்தப் பத்து விநாடியின் பகுதிதான். தூளைச் சுடரின் தலையில் அடித்து வீணாக்காமல், தீயின் அடியில், எரியும் பரப்பின் மேல், இடமும் வலமுமாக வீசி அடிக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய தீயை இது அணைக்கும் என்பது உருளையிலேயே எழுதியிருக்கும். 5-பி என்றால், பயிற்சி இல்லாத ஒருவர் அதைக் கொண்டு ஏறத்தாழ ஐந்து சதுர அடிப் பரப்பில் எரியும் எண்ணெய்த் தீயை அணைக்கலாம் என்று பொருள். ஒரு சின்ன டீப்பாய் அளவு. அதற்கு மேல் விரிந்த தீயோடு அந்த உருளையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 26 அடிக்குக் குறைவான படகுக்கு இதில் ஒன்று, 26 முதல் 40 அடிக்குள் இரண்டு, அதற்கு மேல் 65 அடி வரை மூன்று என்று கணக்கு வைத்திருக்கிறது.

அது வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறது என்று திருப்தி அடைவோம். முள் காட்டுவது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தை மட்டும். படகின் ஓயாத அதிர்வில் தூள் அடியில் இறுகி, ஈரத்தில் கெட்டியான பவுடர் டப்பா போல ஆகியிருந்தால் வாயு மட்டும் சீறிக்கொண்டு வெளியேறிவிடும். அதனால் அவ்வப்போது உருளையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும் பழக்கம் படகுக்காரர்களிடம் இருக்கிறது. தூள் உள்ளே சரிந்து ஓடுவது கைக்குத் தெரியும். அப்படியே அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் ஆண்டையும் பார்த்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் 20 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, மறுபடி நிரப்ப முடியாத உருளைகளுக்கு அந்த ஆண்டிலிருந்து 12 வருடம்தான் ஆயுள்.

மூடியைத் திறக்காதே

எஞ்சின் அறை மூடியின் இடுக்கில் புகை வருகிறது. கை தானாக மூடியைத் தூக்கப் போகும். தூக்கினால், உள்ளே காற்றில்லாமல் திணறிக்கொண்டிருந்த தீக்கு ஒரு வாய் மூச்சு கொடுத்தாயிற்று. அது நேரே முகத்துக்கு வரும். இதற்காகவே மூடியில் ஒரு சிறு துளை வைத்து, குத்தினால் உடையும் அடைப்பு போட்டிருப்பார்கள். அணைப்பானின் மூக்கை அதில் செருகி, மூடியைத் திறக்காமலே அடித்துவிடலாம்.

இன்னும் மேலான வழி, அறைக்குள்ளேயே நிரந்தரமாக மாட்டிய தானியங்கி உருளை. சுமார் 79 டிகிரியில் அதன் முனை திறந்து வாயு அறை முழுவதும் பரவும். ஒரு காலத்தில் அந்த வாயு ஹாலான் 1301. அதிலிருந்த புரோமின் சுடரின் ரேடிக்கல்களைப் பிடித்து முடக்குவதில் கெட்டிக்காரன். அதே புரோமின் வானத்தின் மேலடுக்குக்குப் போனதும் அங்கே ஓசோனைச் சிதைத்தது, அதிலும் அதே கெட்டிக்காரத்தனத்தோடு. 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் 1993 முடிவோடு அதன் உற்பத்தியை நிறுத்தின. பதிலாக வந்த எச்எஃப்சி-227இஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 3,000 மடங்குக்கு மேல். அதற்கும் பதில் தேடி, வெயிலில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும் ஃப்ளூரோகீட்டோன் திரவம் வந்தது. ஒரு தீயை அணைக்கப் போய் இன்னொன்றைக் கிளப்பாத பொருளைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை.

எந்த வாயுவானாலும் ஒரு நிபந்தனை உண்டு. அறைக்குள் அது தங்க வேண்டும். டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வாயுவையே மூச்சாக இழுத்துப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். ப்ளோயரும் அப்படித்தான், தீ வருவதற்கு முன் நம்மைக் காத்த விசிறி, தீ வந்த பிறகு எதிரியின் கட்சி. வாயு பாயும்போதே எஞ்சினும் விசிறியும் நிற்கும்படி இணைத்திருப்பது அதற்காகத்தான்.

சுற்றிலும் தண்ணீர்

இவ்வளவு எதற்கு, வாளியில் மொண்டு ஊற்றினால் ஆகாதா? மரம், மெத்தை, துணி எரிந்தால் ஆகும், தாராளமாக ஊற்றலாம். பெட்ரோலும் டீசலும் தண்ணீரில் மிதக்கும். ஊற்றிய தண்ணீர் தீயைத் தோளில் தூக்கிக்கொண்டு படகின் மறுமூலைக்குப் போகும். மின்சாரம் ஓடும் இடத்தில் உப்புத் தண்ணீர் என்றால் ஊற்றுகிறவருக்கே ஆபத்து.

லித்தியம் பேட்டரி இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டது. ஒரு செல்லின் உள்ளே தடுப்புத் தாள் உருகிக் குறுக்குத் தொடர்பு ஏற்பட்டால், சூடு சூட்டைப் பெருக்கி, பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொள்ளும். வெளிச்சுடரைத் தூள் அணைக்கும், உள்ளே நடப்பதை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு வேண்டியது குளிர்ச்சி, அதாவது நிறையத் தண்ணீர், நீண்ட நேரம். அணைந்தது என்று விட்டுப்போன பேட்டரி மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு.

ஒரு விநாடியும் கிடைக்காத இரவு

2019 செப்டம்பர் 2, விடியற்காலை மூன்று மணியைத் தாண்டிய நேரம். கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் சான்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற 75 அடிப் படகு நங்கூரமிட்டு நின்றது. விடுமுறைக்கு முக்குளிக்க வந்தவர்களை ஏற்றிச் செல்லும் பயணிகள் படகு. 33 பயணிகளும் பணியாளர் ஒருவரும் கீழ்த்தளப் படுக்கை அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஐந்து பணியாளர்கள் மேல்தளத்தில். நடுவில் இருந்த கூடத்தில் தீ. கீழே இருந்த 34 பேரும் இறந்துபோனார்கள்.

படகு நீர்மட்டம் வரை எரிந்து மூழ்கியதால், எதிலிருந்து தீ தொடங்கியது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடத்தில் சார்ஜில் போட்டிருந்த பேட்டரிகள் சாத்தியங்களில் ஒன்று. ஆனால் ஏன் ஒருவரும் தப்பவில்லை என்பது தெளிவாகவே தெரிந்தது. படுக்கை அறைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று படிக்கட்டு, ஒன்று அவசரத் திறப்பு. இரண்டும் போய்ச் சேர்ந்தது அதே கூடத்தில். புகை உணரும் கருவிகள் படுக்கை அறையில் இருந்தன, தீ பிறந்த கூடத்தில் இல்லை. இரவில் விழித்திருந்து சுற்றிவர வேண்டிய காவலாளும் இல்லை. மேலே இருந்தவர்கள் விழித்தபோது இறங்கும் ஏணியே எரிந்துகொண்டிருந்தது. முன்பக்க ஜன்னல் வழியாக நுழையப் பார்த்தார்கள், புகை விடவில்லை. தீயணைப்பான்கள் படகில் இருந்தன. அவற்றின் பத்து விநாடி யாருக்கும் பயன்படவில்லை.

2021 டிசம்பரில் கடலோரக் காவல்படை கொண்டுவந்த புதிய விதிகள் இதற்குப் பதில்: ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைத்த புகை உணரிகள், வெவ்வேறு இடங்களுக்குத் திறக்கும் இரண்டு வழிகள், இரவுக் காவலைக் கண்காணிக்கும் ஏற்பாடு. இது அமெரிக்காவின் கதை மட்டுமல்ல. ஸ்ரீநகரின் தால் ஏரியில் 2023 நவம்பரில் ஐந்து படகு வீடுகள் எரிந்து வங்கதேசச் சுற்றுலாப் பயணிகள் மூவர் இறந்தார்கள். அங்கேயும் பொழுது விடியவில்லை. தேவதாரு மரப் படகுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது ஒன்றின் தீ ஒன்றோடு நிற்பதில்லை.

ஓடும் படகிலும் வெளியேறும் வழிதான் முதலில். தீ என்றதும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், ஒருவர் ரேடியோவில் உதவி கேட்க வேண்டும், அதன் பிறகே மற்றொருவர் அணைப்பானை எடுக்க வேண்டும். பின்பக்கம் எரிந்தால் படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்தினால் தீ ஆட்களை விட்டு விலகிப் போகும். கண்ணாடி இழைப் படகில் இழை எரியாது, அதைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசின் எரியும். அந்தப் பிசின் பெட்ரோலிய வழி வந்தது. அது கரும்புகையோடு பற்றிக்கொண்டால் பிறகு தண்ணீரில் குதிப்பதுதான் பாக்கி. அணைப்பானை எஞ்சின் அறைக்குள்ளோ அடுப்புக்கு மேலோ மாட்டாமல் வெளியேறும் வாசலருகே மாட்டுவதும் அதனால்தான். அதை எடுக்க ஓடுகிற ஆள் அப்படியே தப்பும் திசையிலும் ஓடியிருப்பார்.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஸ்டிக்கர் ப்ளோயரோடு நிறுத்தவில்லை. அடிக்குழியில் ஆவி இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்கிறது. எதை வைத்துப் பார்ப்பது? கருவிகள் விற்கிறார்கள். எல்லோரிடமும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வெடிக்க வேண்டுமானால் பத்து லட்சத்தில் 14,000 பங்கு வேண்டும். ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு மரத்துப்போகும் என்பதால், வெளிக்காற்றில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து முகர வேண்டும். நான்கு நிமிடத்தில் அதற்கும் நேரம் இருக்கிறது. மூடியைத் தூக்கி, முட்டி போட்டுக் குனிந்து, ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தால் போதும். வாடை இருந்தால் சாவி சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.